வேர்க்கிளம்பிப் பக்கத்துப் பழக்கடையும் ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாத என் வயிறும்

வேர்க்கிளம்பியிலிருந்து திருவட்டாறு போகும் சாலையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட ஒரு பழக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் வாழைக்குலைகள் தொங்கும், பலகையில் அந்தந்த சீசன் பழம் அடுக்கியிருக்கும், ஓரமாக ஒரு மிக்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த முக்குக்குப் போனாலும் பார்க்கிற கடைதான். ஆனால் ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாத ஒருத்தி பழம் வாங்க, இதைவிட நல்ல கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. கடைக்கார அக்காவிடம் எந்தப் பழத்தைக் காட்டிக் கேட்டாலும் எப்போது பறித்தது, யார் விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, வந்தது, எப்படிப் பழுத்தது என்று பதில் வரும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் ஏன் இந்தக் கடையை இப்படிக் கொண்டாடுகிறேன் என்று புரியும். ஒத்துக்கொள்ளாத எதையாவது சாப்பிட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவக்கும். காது சுடும், மூக்கு ஒழுகும், தலை விண்விண்ணென்று தெறிக்கும், வயிறு ஊதிக்கொள்ளும். சில நாள் தோலில் தடிப்பும் வரும். ஒரே சாப்பாடு ஒரு நாள் ஒன்றும் செய்யாது, இன்னொரு நாள் படுக்க வைத்துவிடும். ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது, எதிலும் ஒன்றும் இல்லை. நாகர்கோவிலில் நான் பார்க்கும் மருத்துவர் வேறு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அப்புறம் சில வாரம் சாப்பாட்டை நன்றாகக் குறைத்து, ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்துத்தான் இதுதான் என்று முடிவுக்கு வந்தார். ஒரே ஒரு பரிசோதனையில் அடித்துச் சொல்லிவிடும் வசதி இந்த நோய்க்கு இன்னும் வரவில்லை.

ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே உண்டாகிற பொருள். சாப்பாட்டிலிருந்தும் வரும். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. சூரை, அயலை, சாளை மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் யாருக்குமே ஆகாது என்பது இதனால்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதில் உண்டான ஹிஸ்டமின் போகாது. குடலுக்கு வந்து சேரும் ஹிஸ்டமினை உடைக்கிற வேலையை டயமின் ஆக்சிடேஸ் என்கிற நொதி செய்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த நொதி போதுமான அளவு வேலை செய்வதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புட்ரெசின் போன்ற வேறு அமீன்களை உடைப்பதும் இதே நொதிதான். ரேஷன் கடையில் எடை போட ஒரே ஆள் இருந்தால் என்ன ஆகும்? முன்னால் நிற்பவர்கள் மூட்டையோடு வந்துவிட்டால் பின்னால் நிற்பவர் காத்துக்கிடக்க வேண்டியதுதான். புட்ரெசின் நிறைய உள்ள பழத்தைச் சாப்பிட்டுவிட்டு மீன்குழம்பும் சாப்பிட்டால் எனக்கு உள்ளே நடப்பது அதுதான்.

பழங்களில் ஹிஸ்டமின் மிகக் குறைவு. அப்படியிருந்தும் தடைப் பட்டியல்களில் பழங்கள் நிறைய வருகின்றன. சுவிட்சர்லாந்தில் இந்த நோய்க்கென்றே இருக்கும் ஒரு குழு உணவுகளுக்கு 0 (நன்றாக ஒத்துக்கொள்ளும்) முதல் 3 (மிக மோசம்) வரை எண் கொடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறது. என் உணவு ஆலோசகர் அதைத்தான் அச்செடுத்துக் கொடுத்தார். அன்னாசி, பப்பாளி, ஆரஞ்சு வகைகள் எல்லாம் ஜாக்கிரதைப் பக்கத்தில் இருக்கின்றன. மாம்பழமும் தேங்காயும் சாதுவான பக்கம். அன்னாசியும் பப்பாளியும் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற ஹிஸ்டமினை வெளியே கிளப்பிவிடுகின்றன என்று காரணம் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பட்டியலை நான் மதிக்கிறேன், அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் எங்கள் ஊர் மட்டி வாழைப்பழத்துக்கும் அயனி மரத்தின் பழமான அயனிச்சக்கைக்கும் அதில் இடமில்லை. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த மாம்பழத்துக்கும் காலையில் பறித்து மத்தியானம் கைக்கு வந்த மாம்பழத்துக்கும் அதில் ஒரே எண்தான். எனக்கு அவை இரண்டும் ஒரே பழம் இல்லை. ஆகவே மீதி விவரத்தைக் கடைக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் வாழை.

வாழைப்பழத்தில் ஹிஸ்டமின் பெரிதாக இல்லை, ஆனால் புட்ரெசின் இருக்கிறது. அதனால் எனக்கு வாழை என்பது முழுக்க அளவைப் பொறுத்த விஷயம். இந்தக் கடையில் மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், செந்துளுவன், ஏத்தன் என்கிற நேந்திரன் எல்லாம் தொங்கும். மட்டிப்பழம் எங்கள் மாவட்டத்துக்கே உரியது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விரல் நீளம்தான், நல்ல மணம். கைக்குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கிற பழம் என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது அதன் சிறிய அளவு. ஒன்று சாப்பிடலாம், ஒரு மணி நேரம் பார்க்கலாம், வேண்டுமானால் இன்னொன்று. ஒரு முழு ஏத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாதியோடு நிறுத்துவதைவிட இது எவ்வளவோ எளிது. பல கடைகளில் சீப்பாகத்தான் வாங்க வேண்டும், வீட்டுக்குப் போய் நாலாவது நாள் கறுத்த பழத்தோடு உட்கார வேண்டும். இந்த அக்கா மூன்று மட்டிப்பழத்தையும் பிய்த்து எடை போட்டுத் தருவார், முகம் சுளிக்க மாட்டார்.

பழுக்க வைக்கும் முறை பற்றியும் இங்கே கேட்கலாம். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. விளைந்த குலையை அங்கே அடுக்கி, புகை போட்டு மூடிவைக்கிறார்கள். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை, பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பழம் தானாகவே வெளியிடுகிற வாயுதான் அது. கல் வைத்த பழத்தில்தான் என் தொந்தரவு. தோல் மஞ்சளாக மின்னும், உள்ளே காயாகவே இருக்கும். எத்தனை நாள் ஆன பழம் என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கோ அந்த நாள் கணக்குதான் முக்கியம். தோலில் கரும்புள்ளி விழ ஆரம்பித்த உடனே சாப்பிட்டால் ஒத்துக்கொள்கிறது. முழுக்கக் கறுத்துக் குழைந்துவிட்டால் தலைவலி வருகிறது. இது என் உடம்பின் கணக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

ஒரு நாள் ரசகதலி கேட்டேன். தொங்கிய குலையில் ஒரு சீப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "இது ஒனக்கு வேண்டாம் மக்களே. முந்தாநாளே பழுத்தது. காலம்பற வா, புதுக்குலை இறக்குவேன், எடுத்து வைக்கேன்." கையில் காசோடு நிற்கிற ஆளிடம் வேண்டாம் என்று சொல்கிற வியாபாரி எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சீப்பைப் பக்கத்தில் நின்ற பெரியவர் அப்பத்துக்கு வேண்டும் என்று மகிழ்ச்சியாக வாங்கிப் போனார். பழமும் வீணாகவில்லை.

அடுத்து சக்கை. பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்றுதான் சொல்வோம். சக்கை இல்லாத கோடைக்காலத்தை எங்கள் ஊரில் யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள், நானும்தான். மருத்துவர் கட்டுப்பாடு போட்டபோது மீனைவிட இதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நல்ல வேளையாக, கெட்டியான சுளை உள்ள வருக்கைச் சக்கை எனக்கு ஒத்துக்கொள்கிறது, நாலைந்து சுளை வரை. கூழஞ்சக்கை ஒத்துக்கொள்வதில்லை. கூழன் சுளை குழைவானது, வெட்டி வைத்தால் சீக்கிரம் புளிக்கத் தொடங்கிவிடும் என்று அக்கா சொல்கிறார். புளிப்பு என்றால் நுண்ணுயிர் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் என் வயிறு தகராறு செய்கிறது. வருக்கையிலும் வெட்டிய நேரத்தைக் கேட்டுத்தான் வாங்குவேன். காலையில் வெட்டியதைக் காலையிலேயே வாங்கினால் பிரச்சினை இல்லை. சாயங்காலம் மிச்சமிருக்கும் சுளையை, ஈ மொய்க்காமல் மூடியே வைத்திருந்தாலும், நான் தொடுவதில்லை. முழுச் சக்கை வாங்கி வீட்டில் வெட்டுவதுதான் நல்லது, ஆனால் அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் பிள்ளைகள் வந்தால்தான் முழுச் சக்கை.

அயனிச்சக்கை இந்தக் கடைக்கு எப்போதாவதுதான் வரும். ரப்பர் வந்தபிறகு அயனி மரத்தை யார் விட்டு வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பழம், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் குட்டிச் சுளைகள், கொஞ்சம் புளிப்பு கலந்த இனிப்பு. சின்ன வயதில் மரத்தடியில் பொறுக்கித் தின்றது. எனக்கு இதில் ஒரு தொந்தரவும் வரவில்லை. கிடைத்தால் விட மாட்டேன்.

மாம்பழத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எனக்கு அது ஒத்துக்கொள்கிறது. செங்கவருக்கை மாம்பழம் வரும் நாட்களில் அக்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். ஒன்று மட்டும் சொல்கிறேன், காம்புப் பால் பட்டு உதட்டோரம் பொரிந்தால் அது ஹிஸ்டமின் விவகாரம் இல்லை. மாம்பாலுக்கே தோலைப் பொசுக்கும் குணம் உண்டு. நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிட்டால் போதும்.

அன்னாசியையும் அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இளம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே ஊடுபயிராக அன்னாசி போடுவதால் எங்கள் பக்கம் அது தாராளமாகக் கிடைக்கும். அன்னாசி தின்றால் நாக்கு எரிவது எல்லோருக்கும் வருவதுதான், அதிலுள்ள புரோமெலைன் என்கிற நொதி செய்கிற வேலை. எனக்கு அதற்கப்புறம் வருவதுதான் நோய்: அரை மணி நேரம் கழித்துக் காது சிவக்கும், மூக்கு அடைக்கும். இரண்டு துண்டு வரை தாங்குகிறேன், அதுவும் அன்று மீன், தக்காளி, கத்தரிக்காய், புளித்த தயிர் எதுவும் சாப்பிடாமல் இருந்தால். பப்பாளியை விட்டேவிட்டேன். ஆரஞ்சையும். எலுமிச்சை சில சொட்டு பிழிந்தால் ஒன்றும் செய்வதில்லை.

ஜூன், ஜூலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வரும். இந்த இரண்டிலும் பழம் தன் வயதைத் தானே காட்டிவிடும், அக்காதான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். ரம்புட்டான் முடியின் நுனி பச்சையாக, விறைப்பாக நின்றால் பறித்து அதிக நேரம் ஆகவில்லை. முடி கறுத்துச் சுருண்டிருந்தால் பழையது. மங்குஸ்தானை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடு கொஞ்சம் அமுங்கினால் நல்ல பழம், கட்டையாக இறுகியிருந்தால் நாளாகிவிட்டது. அடியில் பூப்போல ஒரு தழும்பு இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ள பழத்தில் சுளைகள் சிறிதாக இருக்கும், விதையும் பெரும்பாலும் சிறுத்திருக்கும், அதனால் நான் அதைத்தான் பொறுக்குவேன். சில பழத்தில் மஞ்சள் பிசின் இறங்கிக் கசக்கும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, அதற்காகக் கடையைக் குறை சொல்வது நியாயமில்லை. இரண்டுமே எனக்கு ஒத்துக்கொள்கின்றன. விலைதான் கை கடிக்கும்.

கொய்யா, சப்போட்டா, சீத்தாப்பழம் எல்லாம் இருக்கும். சப்போட்டா குழைவதற்கு முந்தைய பதத்தில் நன்றாக ஒத்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் நுங்கும், கரிக்கு என்று நாங்கள் சொல்லும் இளநீரும் உண்டு, இரண்டையும் பயமில்லாமல் சாப்பிடலாம். அக்கானி, அதாவது பதநீர், கேட்டு வருகிறவர்களும் உண்டு. காலையில் இறக்கியதும் குடித்தால்தான் அது அக்கானி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினாலும், நேரம் போகப் போகப் புளிக்கத்தான் செய்யும். எனக்கு அந்தப் பரிசோதனையில் ஆசையில்லை.

ஜூஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுவாகக் கடைகளில் விற்காமல் கனிந்துபோன பழம்தான் ஜூஸுக்குப் போகும். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை, இனிப்பும் கூடும். எனக்கு அது சரிப்படாது. இங்கே பலகையிலிருந்து நாமே பழத்தை எடுத்துக் கொடுத்து அடிக்கச் சொல்லலாம். நான் மாம்பழமோ சப்போட்டாவோ எடுத்துக் கொடுப்பேன், பால் சேர்க்காமல் தண்ணீர் விட்டு அடித்துத் தருவார். முதலில் என்னிடம் ஜாரைத் தனியாகக் கழுவ வேண்டுமா, கத்தி வேறு வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் துளி பட்டாலும் ஆபத்து, அவர்களுக்கு அது கட்டாயம். எனக்கு மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு, கத்தியில் ஒட்டிய அன்னாசிச் சாறு ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னதும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். "அப்பம் ஒனக்கு அளவுதான் மருந்து" என்றார். என் உறவுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கடைக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

நகரத்தில் ஒரு பெரிய கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் வெட்டிய பழம் வாங்கியிருக்கிறேன். பொட்டலம் கட்டிய நாள் ஒட்டியிருந்தது, பழம் பறித்த நாளை யாரிடம் கேட்டாலும் தெரியவில்லை, வெட்டிய நேரமும் தெரியவில்லை. மாம்பழமும் அன்னாசியும் பப்பாளியும் ஒரே டப்பாவில் கலந்திருந்ததால் ஒத்துக்கொள்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி. அங்கே ஏசி உண்டு, பில் உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு. வேர்க்கிளம்பிக் கடையில் இவை மூன்றும் இல்லை.

இந்தக் கடையிலும் குறைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை குலசேகரம், திற்பரப்பு அருவி என்று போகிற கார்கள் வரிசையாக நிற்கும், அப்போது அக்காவுக்கு நின்று பேச நேரம் இருக்காது. மழைக்காலத்தில் முன்பக்கம் ஒரே சேறு. மட்டிக்கும் ரம்புட்டானுக்கும் சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான். பெரிய குறை என்னவென்றால், அக்கா இல்லாத நேரத்தில் கடையில் உட்காரும் தம்பிக்குப் பழத்தின் நாள் தெரியாது. எதைக் கேட்டாலும் "இன்னைக்கு வந்ததுதான்" என்பான். கெட்ட பையன் இல்லை, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைக்கிறான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் ஆபத்து. அவன் இருக்கும்போது நான் நுங்கோ கரிக்கோ வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இதே தொந்தரவு உள்ளவர்கள் போவதாக இருந்தால், வாரநாளில் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள். அப்போதுதான் குலை இறங்கியிருக்கும், சக்கை வெட்டியிருக்கும். நோயின் பெயரெல்லாம் சொல்லத் தேவையில்லை, நாள்பட்டது ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம்தான் வேண்டும் என்று சொன்னால் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதுப் பழம் மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள், அன்றைக்கு மற்றச் சாப்பாடு பழகியதாகவே இருக்கட்டும். பழம் தின்றதும் தொண்டை இறுகினாலோ, நாக்கு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அது இந்தக் கணக்கில் வராது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு ஒத்துக்கொள்வதை வைத்து நீங்கள் முடிவெடுக்கவும் வேண்டாம். ஹிஸ்டமின் என்று மருத்துவர் சொல்லாமலேயே பழங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருகிற சிலரைப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. கோடையில் சக்கையும் மாம்பழமும் இல்லாமல் ஒருவரை இருக்கச் சொல்வதற்கு முன் காரணம் உறுதியாகத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு குலையிலும் இறக்கிய தேதியை எழுதித் தொங்கவிடச் சொல்லி அக்காவிடம் கேட்டிருந்தேன். தம்பி இருக்கும்போதும் நாள் தெரியுமே என்றுதான். வாழைக்கு ஆரம்பித்துவிட்டார், சிகரெட் அட்டையைக் கிழித்துப் பால்பாயிண்டால் எழுதி நூலில் கட்டுகிறார். சக்கைக்கு முடியாது என்கிறார். பாதிச் சக்கை வியாபாரி வண்டியில் வருகிறது, எந்த மரம், எந்த நாள் என்று அவருக்கே சொல்ல மாட்டார்களாம். தெரியாத தேதியை எழுத மாட்டேன் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. அடுத்த சீசனில் பக்கத்து விளைகளில் நேரடியாக வாங்குகிற சக்கைக்கு மட்டுமாவது அட்டை கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.